பெர்கன்-ஹோனே: ஒரு படைமுகாமின் எண்பது ஆண்டுகள்

பெர்கன்-பெல்சன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆன் ஃபிராங்கும் அவளுடைய அக்கா மார்கோட்டும் 1945 தொடக்கத்தில் இறந்த நாஜி வதைமுகாம் அது. இன்று அங்கே போகிறவர்கள் புல்வெளியையும் மரங்களையும் பெரிய புதைமேடுகளையும் ஓர் ஆவண மையத்தையும் பார்க்கலாம். கைதிகள் அடைபட்டுக் கிடந்த மரக்குடில்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. 1945 மே மாதத்தில் பிரிட்டிஷ் படையினர் அவற்றை ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள்.

அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதே கதையின் இன்னொரு பாதி சுவரும் கூரையுமாக இன்னும் நிற்கிறது. அதுதான் ஹோனே படைமுகாம். ஹிட்லரின் ராணுவம் தன் டாங்கிப் படைக்காகக் கட்டிய இடம். வதைமுகாமின் கடைசி நாட்களில் அங்கே கைதிகளை அடைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு அது மருத்துவமனை ஆனது. அதன்பின் ஐந்து வருடம் உயிர் பிழைத்த யூதர்களின் ஊராக இருந்தது. அப்புறம் 2015 வரை பிரிட்டிஷ் ராணுவத்தின் தளம்.

இத்தனை நடந்த கட்டடங்கள் ஏன் பொது நினைவில் இடம்பிடிக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவை ஒருபோதும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் காலி செய்ததும் இன்னொருவருக்கு அவை தேவைப்பட்டன. எரிந்துபோன முகாம் நினைவிடமாயிற்று. எரியாத முகாமில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

கிராமங்களை அப்புறப்படுத்திக் கட்டியது

வட ஜெர்மனியில், ஹாம்பர்க்குக்கும் ஹனோவருக்கும் நடுவே லூனபர்க் ஹைட் என்ற நிலப்பரப்பு இருக்கிறது. மணல் மண், புதர்க்காடு, பைன் மரங்கள். விவசாயத்துக்குச் சுமாரான நிலம், டாங்கி ஓட்டிப் பழக நல்ல நிலம். 1930களின் நடுவில் நாஜி அரசு ராணுவத்தை வேகமாகப் பெருக்கியபோது இந்தப் பகுதியைப் பயிற்சிக் களத்துக்கு எடுத்துக்கொண்டது. சுமார் 25 கிராமங்கள் காலியாயின. 3,600க்கும் மேற்பட்டோர் 1935க்கும் 1938க்கும் இடையே வீடு, வயல், பரம்பரைப் பண்ணை எல்லாவற்றையும் விட்டு வேறிடம் போனார்கள். ஏறக்குறைய 5,000 ஆண்டு பழமையான பெருங்கற்காலக் கல்லறைகள்கூட இந்தக் களத்தின் எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டன. இன்றும் அவற்றைக் குறிப்பிட்ட வார இறுதிகளில் மட்டுமே பார்க்க முடியும். மற்ற நாட்களில் சுடும் பயிற்சி நடக்கும்.

களத்தின் கிழக்கு ஓரத்தில், பெர்கன் என்ற சிறு நகரத்துக்கு அருகே, பெல்சன் சிற்றூரை ஒட்டிப் பெரிய படைமுகாம் எழுந்தது. படைவீரர் விடுதிகள், குதிரை லாயங்கள், சேமிப்புக் கிடங்குகள், பெரிய பேக்கரி, அதிகாரிகள் கூடுவதற்கு விசாலமான மண்டபம். வெகு நேர்த்தியாகத் திட்டமிட்ட முகாம்.

கட்டட வேலைக்கு வந்த தொழிலாளர்கள் தங்குவதற்குச் சற்றுத் தள்ளி மரக்குடில்கள் போட்டார்கள். வேலை முடிந்த பிறகும் குடில்களைப் பிரிக்கவில்லை. வதைமுகாமின் தொடக்கம் அந்தக் குடில்கள்தான். 1940ல் சில நூறு பிரெஞ்சு, பெல்ஜியப் போர்க்கைதிகளை அங்கே அடைத்தார்கள். 1941 கோடையில் சோவியத் கைதிகள் சுமார் 20,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குக் குடில்கூடக் கிடையாது. மண்ணைத் தோண்டி, குழிக்குள் கிளைகளைப் போட்டுப் படுத்தார்கள். 1942 வசந்தத்துக்குள் அவர்களில் சுமார் 14,000 பேர் பசியிலும் நோயிலும் குளிரிலும் இறந்தார்கள். 1943 ஏப்ரலில் நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். படை அந்த இடத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு யூதக் கைதிகளைக் கொண்டுவரத் தொடங்கியது.

படைமுகாமுக்கும் வதைமுகாமுக்கும் நிர்வாகம் வேறு, வேலி வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே ரயில் மேடை. டாங்கிகளை ஏற்றி இறக்குவதற்காகப் பெர்கனுக்கு வெளியே ராணுவம் போட்ட சரக்கு மேடையில்தான் கைதிகளின் ரயில்களும் வந்து நின்றன. அங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் அவர்கள் நடந்தே முகாமுக்குப் போனார்கள். பக்கத்தில் வசித்தவர்களுக்குத் தெரியாமல் இது நடந்திருக்க வழியே இல்லை. போருக்குப் பின் பிரிட்டிஷ் டாங்கிகளும் நேட்டோ நாடுகளின் டாங்கிகளும் அதே மேடையில்தான் இறங்கின. இன்று மேடையருகே பழைய சரக்குப் பெட்டி ஒன்று நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது.

ரொட்டி இருந்த இடம்

1945 தொடக்கத்தில் கிழக்கிலிருந்து சோவியத் படை முன்னேற முன்னேற, எஸ்.எஸ். மற்ற முகாம்களைக் காலி செய்து கைதிகளைப் பெல்சனுக்கு ஓட்டிவந்தது. சில ஆயிரம் பேர் இருந்த இடத்தில் பல பத்தாயிரம் பேர் திணிக்கப்பட்டார்கள். தண்ணீர் இல்லை, கழிப்பிடம் இல்லை. பேன் வழியாகப் பரவும் டைஃபஸ் காய்ச்சல் முகாமைத் தின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் மிட்டல்பாவ்-டோரா முகாமிலிருந்து வந்த சுமார் 15,000 பேருக்குக் குடில்களில் நிற்கவும் இடமில்லை. அவர்களைப் படைமுகாமின் விடுதிகளில் அடைத்தார்கள். பிரிட்டிஷ் ஆவணங்களில் குடில் முகாம் ‘கேம்ப் 1’, படைமுகாம் ‘கேம்ப் 2’.

ஏப்ரல் 12 அன்று ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் பிரிட்டிஷ் படையிடம் பேச்சுக்கு வந்தார்கள். முகாமைச் சுற்றிப் போர் நடந்தால் கைதிகள் சிதறி ஓடுவார்கள், டைஃபஸ் இரு படைகளுக்கும் பரவும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சுற்றுவட்டாரத்தைப் போரில்லாப் பகுதியாக அறிவிக்க ஒப்பந்தமானது. ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே நுழைந்தது. இரண்டு முகாம்களிலும் சேர்த்து 50,000க்கும் மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள். குடில் முகாமில் ஆயிரக்கணக்கான உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து அன்று வரை சுமார் 35,000 பேர் இறந்திருந்தார்கள்.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைக்கும் தகவல் இனிமேல்தான் வருகிறது. பிரிட்டிஷ் அதிகாரிகள் படைமுகாமைச் சோதித்தபோது கிடங்குகள் நிரம்பியிருந்தன. உருளைக்கிழங்கு, டின் இறைச்சி, சர்க்கரை, பால் பவுடர் என்று டன் டன்னாக உணவு. நாளொன்றுக்கு 60,000 ரொட்டி சுடக்கூடிய பேக்கரி ஓடும் நிலையில் இருந்தது. நடந்தால் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் மனிதர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். உணவுப் பற்றாக்குறையால்தான் இறந்தார்கள் என்று முகாம் தலைவன் யோசஃப் கிராமர் பிறகு லூனபர்க் நகரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் நடத்திய விசாரணையில் வாதாடினான். குடில்களை மட்டும் பார்த்தால் அந்த வாதம் யோசிக்க வைக்கும். படைமுகாமையும் சேர்த்துப் பார்த்தால் அது நிற்காது. வட்டாரத்தில் உணவு இருந்தது. அதைக் கைதிகளுக்குக் கொடுப்பதில்லை என்ற முடிவும் இருந்தது. கிராமர் 1945 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டான்.

இந்த ஒரு காரணத்துக்காகவாவது படைமுகாமை வதைமுகாமோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பார்த்தால் பஞ்சம் தெரியும். அந்தப் பக்கத்தையும் பார்த்தால்தான் குற்றம் தெரியும்.

லாயத்தில் குளியல், விடுதியில் வார்டு

பிரிகேடியர் கிளின் ஹியூஸ் என்ற ராணுவ மருத்துவர் பொறுப்பேற்றார். டைஃபஸ் பரவிய குடில்களில் வைத்து யாரையும் குணப்படுத்த முடியாது, எல்லாரையும் படைமுகாமுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவானது. அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நோயாளியின் உடைகளைக் குடிலிலேயே கழற்றி, போர்வையில் சுற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். வண்டி நேராகப் படைமுகாமின் குதிரை லாயத்துக்குப் போகும். அங்கே வரிசையாக மேசைகள். ஜெர்மன் ராணுவ மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்ட செவிலியர்கள் நோயாளியின் முடியைக் கத்தரித்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, பேன் சாக டி.டி.டி. பொடி தூவுவார்கள். புதுப் போர்வை சுற்றி, சுத்தமான வேறு ஆம்புலன்ஸில் விடுதிக்கு அனுப்புவார்கள். ஒரு முனையில் தொற்று, மறுமுனையில் சுத்தம். இரண்டும் கலக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாட்டின் உயிர்நாடி. பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘மனித சலவைச்சாலை’ என்றார்கள். நாஜி ஆட்களின் கையில் இத்தனை காலம் பட்டவர்கள், நிர்வாணமாக மேசையில் கிடத்தப்பட்டு ஜெர்மன் குரல்களைக் கேட்டபோது சாவுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து அலறிய சம்பவங்கள் உண்டு. உதவி செய்கிறவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனாலும் அந்த அலறலைப் பதிவு செய்யாமல் மீட்புக் கதையைச் சொல்லக்கூடாது.

மே மூன்றாம் வாரத்துக்குள் கிட்டத்தட்ட 29,000 பேர் இடம் மாற்றப்பட்டார்கள். லண்டனிலிருந்து சுமார் நூறு மருத்துவ மாணவர்கள் வந்து உதவினார்கள். அதிகாரிகள் மது அருந்திய வட்ட மண்டபமும் வார்டாக மாறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு அந்தப் படைமுகாம் ஐரோப்பாவின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றாயிற்று.

இங்கே நம் பக்கத்து வரலாறு ஒன்று குறுக்கிடுகிறது. பட்டினியால் நலிந்தவர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தது ‘வங்காளப் பஞ்சக் கலவை’. 1943ல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது பயன்பட்ட சர்க்கரை, பால் பவுடர், மாவுக் கலவை அது. பெல்சனில் அது எடுபடவில்லை. கிழக்கு ஐரோப்பியர்களுக்கு அந்தத் தித்திப்பு குமட்டியது, பலர் குடிக்க மறுத்தார்கள். கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த சாதாரணப் பால்தான் பலரைத் தேற்றியது. கல்கத்தா தெருக்களில் சாவின் விளிம்பில் கிடந்தவர்களிடம் கற்ற பாடம் இரண்டே வருடத்தில் ஒரு ஜெர்மன் படைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு மறக்க முடியாத செய்தி.

இவ்வளவு செய்தும் விடுதலைக்குப் பின் 13,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய உடல்கள் படைமுகாமின் எல்லைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டன. அந்த இடுகாடுகள் இன்றும் உள்ளே இருக்கின்றன. மே 21 அன்று கேம்ப் 1-ன் கடைசிக் குடில் எரிக்கப்பட்டது.

பெல்சன் என்ற பெயரை விடாதவர்கள்

உடம்பு தேறியவர்களில் பலர் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள். போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்த யூதர்கள் பலருக்குத் திரும்ப வீடுமில்லை, உறவுமில்லை. அவர்கள் படைமுகாமிலேயே தங்கினார்கள். அது ஜெர்மனியிலேயே மிகப் பெரிய யூத இடம்பெயர்ந்தோர் முகாமாக வளர்ந்தது. உச்சத்தில் சுமார் 12,000 யூதர்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1946 வரை போலந்து நாட்டவர் பலரும் உடனிருந்தார்கள்.

பிரிட்டிஷ் நிர்வாகம் முகாமுக்கு ‘ஹோனே’ என்று பெயர் வைத்தது. வதைமுகாம் எரிந்து முடிந்தது, இது வேறு இடம் என்று காட்ட அவர்கள் விரும்பினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. தங்கள் கடிதத்தாள்களிலும் பத்திரிகையிலும் பெல்சன் என்றே எழுதினார்கள். பெல்சன் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஹோனே என்றால் அது ஜெர்மனியில் எங்கோ ஒரு முகவரி. இந்தச் சண்டையை முன்னின்று நடத்தியவர் யோசஃப் ரோசன்சாஃப்ட், போலந்தில் பிறந்தவர், ஆஷ்விட்ஸ், டோரா வதைமுகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர். 1945 மே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை லிங்கன் என்ற ஊருக்கு மாற்றியபோது, அங்கே குடிநீரும் மின்சாரமும் சரியாக இல்லாததைக் கண்டு, அனுமதிக்குக் காத்திராமல் பலரைப் பெல்சனுக்கே திருப்பி அழைத்துவந்தார். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவர் ஓயாத தலைவலி, முகாம்வாசிகளுக்குத் தலைவர்.

அந்த ஐந்து வருடத்தில் அங்கே என்னென்ன இருந்தன என்று பாருங்கள். மழலையர் பள்ளி, ஆரம்பப் பள்ளி, ஹீப்ரு உயர்நிலைப் பள்ளி, தொழிற்பயிற்சிக் கூடம், நூலகம், தங்களுக்கென்று காவல் குழு. 1945 ஜூலையிலேயே ‘உன்சர் ஷ்டிமெ’ என்ற பத்திரிகை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் வந்தது. அச்செழுத்து கிடைக்காததால் முதல் இதழ்களைக் கையால் எழுதிப் படியெடுத்தார்கள். சாமி ஃபெடர் என்பவர் நாடகக் குழு அமைத்து, முகாமில் தாங்கள் பட்டதையே மேடையேற்றினார். கிளின் ஹியூஸின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில் சுமார் 2,000 குழந்தைகள் பிறந்தன. குடும்பத்தில் எல்லாரையும் இழந்த இருபது வயதுப் பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் கண்டு சில வாரங்களில் மணம் முடிப்பது அங்கே அன்றாடக் காட்சி. ரோசன்சாஃப்ட் 1946ல் மணந்த ஹதாசா பிம்கோ, ஆஷ்விட்ஸில் பெற்றோரையும் கணவரையும் குழந்தையையும் பறிகொடுத்த பல் மருத்துவர். பெல்சனில் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றியவர். லூனபர்க் விசாரணையில் சாட்சி சொன்னவர்.

பிரிட்டனுக்கு இந்த மக்களோடு இருந்த உறவு சிக்கலானது. உயிரைக் காப்பாற்றியதும் பிரிட்டன், பாலஸ்தீனத்துக்குப் போக விடாமல் வாசலை அடைத்ததும் பிரிட்டன். 1947ல் எக்ஸோடஸ் கப்பலில் வந்த யூத அகதிகளைப் பிரிட்டிஷ் அரசு ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பியபோது பெல்சனில் பெரிய போராட்டம் நடந்தது. 1948ல் இஸ்ரேல் அமைந்த பிறகு அங்கும், அமெரிக்காவுக்கும், கனடாவுக்கும் மக்கள் கிளம்பினார்கள். 1950ல் மிச்சமிருந்தவர்களை உப்யெவர் என்ற வேறு முகாமுக்கு மாற்றிவிட்டு ராணுவம் கட்டடங்களை முழுதாக எடுத்துக்கொண்டது. சில வருடத்தில் வீரர் விடுதி மறுபடி வீரர் விடுதி ஆனது, பள்ளிக்கூடமும் நாடக மேடையும் இருந்த தடம் தெரியவில்லை.

டாங்கிகளின் காலம்

அதன்பின் வந்த அறுபத்தைந்து வருடம் நீளத்தில் பெரியது, சொல்வதற்குச் சுருக்கமானது. பனிப்போர் நாளில் சோவியத் டாங்கிகள் வட ஜெர்மன் சமவெளி வழியாகத்தான் பாயும் என்று நேட்டோ கணக்குப் போட்டது. பிரிட்டன் 1950களில் 55,000 வீரர்களை ஜெர்மனியில் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டது. ரைன் பிரிட்டிஷ் படை என்று அழைக்கப்பட்ட அந்தச் சேனையின் முக்கியத் தளங்களில் ஒன்று ஹோனே. சுமார் 284 சதுர கிலோமீட்டர் பயிற்சிக் களத்தை 1950களின் இறுதியிலிருந்து ஜெர்மன் ராணுவம் நிர்வகித்தது, நேட்டோ நாடுகள் பல வந்து பயன்படுத்தின. களத்தின் நிலம் இன்றும் எந்த நகராட்சியிலும் சேராத தனிப் பகுதி. அப்புறப்படுத்திய கிராமங்கள் திரும்பி வரவேயில்லை.

பல தலைமுறை பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஹோனே வேலையிடமும் வீடும். கடை, பள்ளி, சினிமா எல்லாம் ஆங்கிலத்தில். பெர்கன்காரர்கள் வீடுகளை வாடகைக்கு விட்டார்கள், முகாமில் வேலை பார்த்தார்கள், கல்யாண உறவும் ஏற்பட்டது. பாலைவன எலி சின்னத்தைத் தோளில் சுமக்கும் ஏழாவது கவசப் பிரிகேட் 2003ல் இராக்குக்குப் புறப்பட்டது இந்தப் பகுதியிலிருந்துதான்.

பெல்சனில் பறவைகள் பாடுவதில்லை என்று வீரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. மெய்யாகவே நம்பியவர்கள் பலர். பறவைகள் அங்கே பாடத்தான் செய்கின்றன. நினைவிடத்துக்குப் போகிறவர்களின் காதில் விழும் வேறொரு சத்தம் பயிற்சிக் களத்தின் பீரங்கி. புதைமேட்டருகே நிற்கும்போது தூரத்தில் அது அதிரும். பறவைக் கதை ஊர் ஊராகப் பரவியது, பீரங்கிச் சத்தத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. பறவைக் கதையில் கொடுமை முடிந்துபோன பழங்காலமாக அமைதியடைந்துவிடுகிறது என்பதால் அது பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். பக்கத்து முகாமில் வாழ்க்கை ஓய்வின்றித் தொடர்ந்ததை அது மறைத்துவிட்டது.

2015

ஜெர்மனியிலிருந்து மிச்சப் படையையும் திரும்பப் பெறுவதென்று பிரிட்டன் 2010ல் அறிவித்தது. ஹோனேயின் முறை 2015ல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 26 அன்று எலிசபெத் ராணி ஜெர்மன் பயணத்தின் கடைசி நிகழ்ச்சியாகப் பெர்கன்-பெல்சன் நினைவிடத்துக்கு வந்து, உயிர் பிழைத்தவர்களையும் முகாமை மீட்ட பழைய வீரர்களையும் சந்தித்தார். பெர்கனில் வாடகைக்கு ஆளில்லாமல் வீடுகள் நின்றன. சிறு நகரத்துக்கு அது பெரிய அடி.

கட்டடங்கள் சில மாதம்கூடக் காலியாகக் கிடக்கவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் சிரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஜெர்மனிக்கு லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது, லோயர் சாக்சனி மாநில அரசு ஹோனே விடுதிகளில் அவர்களைத் தங்கவைத்தது. மறுபடியும் அங்கே போரில் வீடிழந்த குடும்பங்கள், பிள்ளைகள், அடுத்து எந்த நாடு என்ற கேள்வி. அதற்கடுத்த ஆண்டே ஜெர்மன் ராணுவம் தன் 414ஆம் டாங்கிப் பட்டாலியனை அங்கே நிறுவியது. 2011ல் தன் டாங்கிகளை எல்லாம் கைவிட்ட நெதர்லாந்தின் வீரர்களும் அதில் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். நெதர்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஆயிரக்கணக்கான யூதர்களின் ரயில் நின்ற சரக்கு மேடை பக்கத்திலேயே இருக்கிறது.

ராணுவம் அங்கே இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காலியாகவிட்டிருந்தால் இடித்திருப்பார்கள், அல்லது தானே இடிந்திருக்கும். இன்று மருத்துவமனை வார்டாக இருந்த சுவர்களைத் தொட்டுப் பார்க்க முடிகிறதென்றால் அது தொடர்ந்த பயன்பாட்டால்தான். என் குறை வேறு. 1945ல் அங்கே இறந்தவர்களின் இடுகாடுகளும், வட்ட மண்டபமும், 2,000 குழந்தைகள் பிறந்த வளாகமும் வேலிக்குள் ராணுவப் பகுதியில் இருப்பதால், அனுமதியில்லாமல் யாரும் போக முடியாது. அங்கே பிறந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதை நெருங்குகிறது. நினைவிடத்திலிருந்து இடுகாடுகளுக்கும் வட்ட மண்டபத்துக்கும் வேலியிட்ட தனிப் பாதை ஒன்றைத் திறந்துவிட்டால், ராணுவத்தின் வேலைக்கு இடைஞ்சலில்லாமல் அவர்கள் வந்துபோகலாம். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.